நீரடிக் காணொளி விளக்கு

கடலடியில் காணொளி எடுக்கும்போது, நீர் உறிஞ்சிக்கொண்ட நிறங்களை மீட்டுத் தரும், தொடர்ந்து எரியும் விளக்கு. சூரிய ஒளியின் சிவப்பு முதல் சில மீட்டர் ஆழத்திலேயே பெரிதும் மங்கிவிடுவதால், மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் விளக்கின்றி எடுத்தால் நீலம் பூத்தே பதிவாகின்றன. ஒளியின் மொத்த அளவான லூமன் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது தவறு. நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் நிறத்துல்லியக் குறியீடு 90க்கு மேல் இருப்பதும், அகலக்கோண லென்சுக்கு ஈடாக ஒளிக்கற்றை 100 முதல் 120 பாகை வரை விரிவதும் அதைவிட முக்கியம்.

காரைக்குடிக்குத் தென்கிழக்கே தொண்டியை ஒட்டிய பாக் விரிகுடா, ஆழம் குறைந்து எளிதில் கலங்குவதாகையால், கேமராவை ஒட்டி வைத்த விளக்கின் ஒளி மிதக்கும் துகள்களில் பட்டுத் திரும்பிப் படமெங்கும் வெண்புள்ளிகளாக விழும். இரு விளக்குகளை நீண்ட தாங்குகைகளில் பக்கவாட்டில் விலக்கிப் பொருத்துவதே அங்கு ஏற்றது.

மின்கலமும் உப்புநீர் அரிப்பும் விளக்கின் ஆயுளைத் தீர்மானிப்பவை. விளக்கின் மூடியிலுள்ள ரப்பர் வளையத்தில் ஒரு மயிரிழை சிக்கினாலும் நீர் கசியும் என்பதால், ஒவ்வொரு முறை மூழ்குமுன்னும் அதைத் துடைத்துச் சரிபார்ப்பதும், வெளிவந்தபின் விளக்கை நன்னீரில் ஊறவைப்பதும் கட்டாயம்.