கள்ளக்குறிச்சி பகுதியில் உழவர் நேரடி விற்பனை

உழவர் நேரடி விற்பனை என்பது வேளாண் விளைபொருளை அதனை விளைவித்தவரே இடைத்தரகர் இன்றி நுகர்வோருக்கு விற்கும் முறையாகும். தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அதன் மேற்கே அமைந்துள்ள கல்வராயன் மலையிலும் இம்முறை வாரச் சந்தை, உழவர் சந்தை, கூட்டுறவுச் சங்கம், மகளிர் சுயஉதவிக் குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் எனப் பல வடிவங்களில் காணப்படுகிறது. ஒரு எக்டேருக்குக் குறைவாக நிலம் உடையோர் குறு உழவர் என்றும், ஒன்று முதல் இரண்டு எக்டேர் வரை உடையோர் சிறு உழவர் என்றும் அரசு வகைப்படுத்துகிறது. மூன்று மூட்டைச் சாமையையோ இரண்டு கூடைக் கத்தரிக்காயையோ கொண்டு சந்தைக்கு வரும் இவர்களுக்கு, விளைவிப்பதைக் காட்டிலும் வாங்குவோரைத் தேடிக்கொள்வதே கடினமான செயலாக உள்ளது.

பின்புலம்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இம்மலையின் பெரும்பகுதி கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் அடங்கும். வடபகுதி சின்னக் கல்வராயன் எனவும், உயரமான தென்பகுதி பெரிய கல்வராயன் எனவும் அழைக்கப்படுகின்றன. இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்னும் பொருளிலேயே இப்பெயர் வழங்குகிறது. இவர்கள் தமிழ் பேசுபவர்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகக் கூறுவர்.

நெடுங்காலம் இம்மலை மூன்று சாகிர்தார்களின் கீழ் இருந்தது. 1976 ஆம் ஆண்டில் தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. நிலவுரிமைச் சிக்கல்கள் பலவற்றுக்கு வேர் இங்குள்ளது. கள்ளக்குறிச்சி முன்னர்த் தென்னார்க்காடு மாவட்டத்திலும், 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்து, 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாயிற்று. மலையின் நிர்வாக மையம் வெள்ளிமலை ஆகும். கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக அங்கு செல்லும் மலைப்பாதையே கள்ளக்குறிச்சிச் சந்தைக்கு முதன்மை வழி.

மலையில் சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி, மக்காச்சோளம் ஆகியன பயிராகின்றன. பலா, புளி, கடுக்காய், தேன் ஆகியனவும் கிடைக்கின்றன. அடிவாரச் சமவெளியில் நெல், கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளி, காய்கறிகள் விளைகின்றன. கரும்புக்குக் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உள்ளன. நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் உள்ளன. காய்கறிக்கும் சிறுதானியத்துக்கும் தான் உழவர் தாமே வாங்குவோரைத் தேட வேண்டியுள்ளது.

மரவள்ளி: நேரடி விற்பனைக்கு அடங்காத பயிர்

மலையின் முதன்மைப் பணப்பயிரான மரவள்ளி, நேரடி விற்பனையின் எல்லையைக் காட்டுவதால் இங்குக் குறிப்பிடத் தக்கது. வீட்டு அடுப்புக்குச் செல்லும் கிழங்கு சிறிதளவே. பெரும்பங்கு ஆத்தூர், சேலம், சின்னசேலம் பகுதிகளில் உள்ள சவ்வரிசி, மாவு ஆலைகளுக்குச் செல்கிறது. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களில் கெடத் தொடங்கும், மாவுச்சத்தும் குறையும். எனவே மலையிலிருந்து இறக்கிய பின் விலை பிடிக்கவில்லை என்று திருப்பி எடுத்துச் செல்ல இயலாது. ஆலைகள் கிழங்கின் மாவுச்சத்தை அளந்து, 'பாயிண்ட்' கணக்கில் விலை தருகின்றன. அளவீடு வாங்குபவரிடமே இருப்பதால் அதுபற்றிய மனக்குறை உழவரிடம் நீடித்து வருகிறது. நடவுக்கு முன்பே வணிகரிடம் முன்பணம் பெற்றவர் வேறு இடத்தில் விலை கேட்கவும் முடிவதில்லை.

சவ்வரிசி ஆலைகளுக்கு 1981 இல் சேலத்தில் 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவு அமைப்பு தோன்றியது. அது ஆலை உரிமையாளர்களின் விற்பனை அமைப்பே அன்றிக் கிழங்கு விளைவிப்போரின் அமைப்பு அன்று.

உழவர் சந்தை

தமிழ்நாட்டில் நேரடி விற்பனைக்கு அரசு அளித்த பெரிய வடிவம் உழவர் சந்தை ஆகும். பஞ்சாபில் 1987 இல் தொடங்கிய 'அப்னி மண்டி', ஆந்திரப் பிரதேசத்தில் 1999 சனவரியில் தொடங்கிய 'ரைத்து பசார்' ஆகியவற்றைத் தொடர்ந்து, முதலமைச்சர் மு. கருணாநிதி 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் முதல் உழவர் சந்தையைத் தொடங்கி வைத்தார். ஓராண்டு சற்றுக் கூடுதலான காலத்தில் ஏறத்தாழ நூறு சந்தைகள் திறக்கப்பட்டன. 2001 ஆட்சி மாற்றத்துக்குப் பின் இத்திட்டம் கவனிப்பின்றி நலிந்து, 2006 க்குப் பின் மீண்டும் உயிர்பெற்றது. கள்ளக்குறிச்சி நகரிலும் உழவர் சந்தை உள்ளது.

சந்தையின் நடைமுறை எளியது. கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் துறையினரும் நிலத்தையும் பயிரையும் சரிபார்த்த பின் உழவருக்கு அடையாள அட்டை வழங்கப்படுகிறது. அட்டை உள்ளவருக்குக் கடையும் தராசும் வாடகையின்றித் தரப்படும். தரகு கிடையாது. அருகிலுள்ள மொத்தச் சந்தை விலையையும் சில்லறை விலையையும் ஒவ்வொரு நாளும் அறிந்து, மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக ஒரு விலை குறிக்கப்பட்டு, பலகையில் எழுதப்படுகிறது. பொதுவாக அது மொத்த விலையைவிட 20 விழுக்காடு அளவு கூடுதலாகவும், சில்லறை விலையைவிட 15 விழுக்காடு அளவு குறைவாகவும் அமையும்.

உழவர் பெறும் உண்மையான ஆதாயம் இந்த 20 விழுக்காட்டில் மட்டும் அடங்கவில்லை. கமிஷன் மண்டியில் தரகு, இறக்குகூலி, சாக்குக் கழிவு என்று தொகையில் வெட்டு விழும். பணமும் தவணையில் வரும். உழவர் சந்தையில் அன்றைய காசு அன்றே கையில் இருக்கும். ஒரே கடையில் நாள்தோறும் ஒரே முகத்தைப் பார்க்கும் நுகர்வோர், நாளடைவில் விலைப்பலகையைப் பாராமல் அவரிடமே வாங்குவது வழக்கம். முருங்கைக்கீரை வேண்டும், நாட்டுத் தக்காளி வேண்டும் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு அடுத்த பட்டத்தில் விதைப்பவரும் உண்டு. மண்டிக்குச் சரக்கு அனுப்பும் உழவருக்கு இச்செய்தி வந்து சேர்வதே இல்லை.

குறைகளும் உள. உழவரல்லாத வணிகர் அட்டை பெற்று விற்பதாகக் குற்றச்சாட்டு தமிழகமெங்கும் எழுந்துள்ளது. சந்தைக்கு வெளியே சாலையோரம் கடை போடுவோர் போட்டியாக அமைகின்றனர். விற்பனை பெரும்பாலும் காலையிலேயே முடிந்து விடுவதால் வேலைக்குச் செல்வோர் வர இயலுவதில்லை. இதனைக் கருதி, 2022 ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில், மாவட்டத்துக்கு ஓர் உழவர் சந்தையில் மாலை வேளையில் சிறுதானியம், பயறு, நாட்டுச் சர்க்கரை போன்றவற்றை உற்பத்தியாளர் நிறுவனங்கள் விற்க இடமளிக்கப்படும் என அறிவிக்கப்பட்டது.

மலை உழவரின் தடைகள்

உழவர் சந்தையால் அடிவார ஊர்களின் காய்கறி உழவர் பெற்ற பயனை மலை உழவர் அதே அளவில் பெறவில்லை. முதல் தடை தொலைவு. விடியற்காலையில் சந்தையில் இருக்க வேண்டுமானால் முந்தைய நாளே மலையிறங்க வேண்டும். வண்டி வாடகை ஆதாயத்தை விழுங்கிவிடும். உழவர் சந்தைக்குச் செல்லும் காய்கறியை அரசுப் பேருந்தில் கட்டணமின்றி ஏற்றும் ஏற்பாடு தொடக்கம் முதல் உண்டு. பேருந்தே வராத சிற்றூருக்கு அதனால் பயனில்லை.

இரண்டாவது தடை ஆவணம். நிலத்துக்குப் பட்டா இல்லாதவர் தாம் உழவர் என மெய்ப்பிப்பது கடினம். காட்டு நிலத்தில் தலைமுறையாகப் பயிரிட்டு வருவோருக்கு உரிமை அளிக்கும் வன உரிமைச் சட்டம் 2006 இல் இயற்றப்பட்டது. ஆயினும் தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்காலத் தடையால் 2016 வரை உரிமைப் பட்டயங்கள் வழங்கப்படவில்லை.

மூன்றாவது, விளைபொருளின் தன்மை. சாமையும் தினையும் உமி நீக்கி அரிசியாக்கிய பின்னரே நகரத்தார் வாங்குவர். முன்பு பெண்கள் உரலில் குத்தியே அரிசி எடுத்தனர். ஒரு வேளைச் சோற்றுக்கே நெடுநேரம் குத்த வேண்டும். உமி நீக்கும் பொறி மலையில் இல்லாத இடத்தில் தானியம் மூட்டையாகவே வணிகரிடம் சென்று, நகரத்தில் அரிசியாகிப் பன்மடங்கு விலைக்கு விற்கப்படுகிறது.

புதிய வாடிக்கையாளரைச் சேர்த்தல்

சிறுதானியத்துக்குப் புதிய வாடிக்கையாளர் என்போர் பெரும்பாலும் அதனைச் சமைத்தறியாதவர்கள். நெல்லரிசி பரவலானபின் சமவெளி வீடுகளில் சாமைச் சோறு அரிதாயிற்று. ஆகவே பொருளை வைத்துவிட்டுக் காத்திருப்பதால் விற்பனை நடப்பதில்லை. சாமைப் பொங்கலோ தினைப் பாயசமோ சமைத்துச் சுவைக்கக் கொடுப்பது, எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும் என்று சொல்வது, கால் கிலோ, அரைக் கிலோ என்று சிறு பொட்டலங்களில் தருவது ஆகியவையே பயன் தந்த வழிகளாக உள்ளன. ஐந்து கிலோ வாங்கியவர் தவிடு நீக்காத அரிசியை மாதக்கணக்கில் வைத்திருந்து, அதிலுள்ள எண்ணெய் காறலெடுத்துப் போவதைக் கண்டு மறுபடி வாங்காமல் விடுவதுண்டு. உமி நீக்கிய நாளைப் பொட்டலத்தில் குறிப்பிடுவது இதற்கு எளிய மாற்று.

மக்கள் கூடும் இடங்களுக்குச் செல்வது மற்றொரு வழி. உளுந்தூர்பேட்டையில் புதன்கிழமை கூடும் வாரச் சந்தை ஆட்டு வணிகத்துக்குப் பெயர்பெற்றது. இத்தகைய சந்தைகளில் ஆடு வாங்க வருவோரும் தானியம், புளி வாங்கிச் செல்வர். கல்வராயன் மலையில் நடத்தப்படும் கோடை விழாவுக்கும், பெரியார், மேகம் அருவிகளுக்கும் வரும் பயணிகளிடம் தேனும் பலாவும் விற்பனையாகின்றன. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுயஉதவிக் குழுக்களின் பொருட்களுக்காகக் கல்லூரி வளாகங்களில் 'கல்லூரிச் சந்தை'களை நடத்துகிறது. மாவட்டத் தலைநகரங்களில் பூமாலை வணிக வளாகங்கள் உள்ளன. கண்காட்சி விற்பனை ஒரு நாளோடு முடிவது. அடுத்த முறை எங்கே கிடைக்கும் என்பதை வாங்கியவர் அறியாவிடில் அவர் வாடிக்கையாளர் ஆவதில்லை.

முன்கூட்டியே உறுப்பினரைச் சேர்த்து விற்கும் முறையும் உலகில் உண்டு. சப்பானில் 1970களில் 'தேய்கேய்' என்ற பெயரில் இல்லத்தரசிகளும் உழவரும் உடன்பாடு செய்துகொண்டனர். ஐக்கிய அமெரிக்காவில் 1986 முதல் பருவத்தின் தொடக்கத்திலேயே பணம் செலுத்தி விளைச்சலில் பங்கு பெறும் பண்ணைகள் தோன்றின. வணிகரின் முன்பணத்துக்கு மாற்றாக நுகர்வோரின் முன்பணம் அமைவதே இதன் சிறப்பு. கல்வராயன் மலைக்கு இம்முறை பொருந்தக் கூடியதாயினும், மழை பொய்த்தால் இழப்பைப் பகிர நுகர்வோர் ஒப்ப வேண்டும்.

சட்ட நிலையையும் அறிவது நலம். 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், பண்ணையளவில் உழவர் விளைவிக்கும் பொருளுக்குப் பொருந்தாது. அரைத்து, கலந்து, பொட்டலமிட்டு விற்கும் சத்துமாவு போன்றவற்றுக்குப் பதிவு தேவை. இயற்கை வேளாண் விளைபொருளைச் சிறு உற்பத்தியாளர் நுகர்வோருக்கு நேரடியாக விற்கும்போது சான்றிதழ் கட்டாயம் அன்று. கடைக்கு விற்பதாயின் கட்டாயம்.

கூட்டு அமைப்புகள்

மலைவாழ் மக்களுக்கான பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், 'லேம்ப்' சங்கங்கள் என அறியப்படுபவை, கடன் வழங்குவதோடு கடுக்காய், தேன் போன்றவற்றைக் கொள்முதல் செய்யும் நோக்கிலும் ஏற்பட்டவை. 2017-18 முதல் தமிழ்நாடு அரசு கூட்டுப் பண்ணையத் திட்டத்தைச் செயல்படுத்தியது. இதன்படி நூறு உழவர் கொண்ட உற்பத்தியாளர் குழுவுக்கு 5 இலட்சம் ரூபாய் தொகுப்பு நிதி வழங்கப்பட்டது. ஆயிரம் உழவர் சேர்ந்து ஒரு நிறுவனமாயினர். நடுவண் அரசு 2020 பெப்ரவரியில் 10,000 உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. உமி நீக்கும் பொறியையும் வண்டியையும் தனியொருவர் வாங்க இயலாது என்பதால் இவ்வமைப்புகளின் தேவை மலையில் கூடுதலாகும்.

அரசே பெரிய வாடிக்கையாளராவதும் உண்டு. 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் கேழ்வரகு வழங்கும் முன்னோட்டம் தொடங்கியது. சாமைக்கும் தினைக்கும் இத்தகைய கொள்முதல் அப்போது ஏற்படவில்லை.

கள்ளச்சாராயமும் வாழ்வாதாரமும்

கல்வராயன் மலை கள்ளச்சாராயத்தோடு சேர்த்தே செய்திகளில் பேசப்பட்டு வந்துள்ளது. முறையான விளைபொருளுக்கு நிலையான வரும்படி இல்லாததும், சாலை வசதியின்மையும் இதற்குக் காரணங்களாகச் சுட்டப்படுகின்றன. 2024 சூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தி அறுபத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பின்னர்ச் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாகவே வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை, பேருந்து, மருத்துவம் ஆகியன அவ்வழக்கில் பேசப்பட்டன. நோயாளியைக் கீழிறக்கத் தேவைப்படும் சாலையும் சாமை மூட்டையை இறக்கத் தேவைப்படும் சாலையும் ஒன்றே ஆதலால், மலை உழவரின் சந்தை வாய்ப்பும் அவ்வழக்கோடு பிணைந்துள்ளது.