பதிமூன்று வயசில் மூன்று முடிச்சு

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் 'மூன்று முடிச்சு' போட்டிருந்தார்கள். நான் பாதி தூக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவது படிக்கிற என் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, இந்தப் படத்துல இவங்களுக்கு என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டாள். இருபது இருக்கும்னு சொல்லிவிட்டேன். அப்புறம் சும்மா இருக்க முடியாமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஸ்ரீதேவி பிறந்தது 1963 ஆகஸ்ட் 13. படம் வெளியானது 1976 அக்டோபர் 29. அதாவது 13 வயசு, இரண்டரை மாசம். என் மகளுக்கும் இப்போது 13 தான்.

படத்தின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். காதலன் (கமல்) தண்ணீரில் மூழ்குகிறான். காப்பாற்ற முடிந்தும் நண்பன் (ரஜினி) வேடிக்கை பார்க்கிறான். கடைசியில் அந்தப் பெண், ரஜினியின் அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு ரஜினிக்கே சித்தியாக வந்து நிற்கிறாள். அன்றைக்கு ரஜினிக்கு 25 வயசு. 25 வயசுக்காரனுக்கு 13 வயசு சித்தி! பாலசந்தர் எடுத்த படம், தெலுங்கில் கே.விஸ்வநாத் எடுத்த 'ஓ சீத கதா'வின் தமிழ் வடிவம். நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவை கூட இந்தக் கணக்கைப் போட்டதில்லை.

தொழில் மென்பொருள் என்பதால் எதையும் ஒரு எக்செல் ஷீட்டில் போட்டுப் பார்க்கிற வியாதி எனக்கு உண்டு. ஸ்ரீதேவியின் படங்களை ஒரு பத்தியிலும் படம் வந்தபோது அவருடைய வயசைப் பக்கத்துப் பத்தியிலும் போட்டேன். இந்தக் கட்டுரை அந்த ஷீட்டில் இருந்து வந்ததுதான்.

முருகனில் இருந்து மயில் வரை

அவர் இறந்தபோது (2018 பிப்ரவரி 24, துபாய்) வந்த அஞ்சலிகள் பலவற்றில் "நாலு வயசில் துணைவன் படத்தில் அறிமுகம்" என்று எழுதினார்கள். சாண்டோ சின்னப்பா தேவரின் 'துணைவன்' வந்தது 1969ல். நாலு வயசு என்றால் 1967 ஆக வேண்டும். 1967ல் வந்த 'கந்தன் கருணை'யைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தகவலும் ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டது என்று நினைக்கிறேன். எதை எடுத்துக்கொண்டாலும், பள்ளியில் சேர்கிற வயசில் அந்தக் குழந்தை ஸ்டுடியோவில் இருந்தது.

துணைவனில் போட்டது முருகன் வேஷம். அதே 1969ல் எம்.ஜி.ஆரின் 'நம் நாடு'. 1971ல் சிவாஜியின் 'பாபு'. அதே வருஷம் மலையாளத்தில் 'பூம்பாற்ற'. அதற்குக் கேரள அரசின் சிறந்த குழந்தை நட்சத்திர விருது. 1975ல் ஹிந்தி 'ஜூலி'யில் நம்ம லட்சுமிக்குத் தங்கை. அடுத்த வருஷமே மூன்று முடிச்சு. நடுவில் இடைவெளியே கிடையாது.

'16 வயதினிலே' வெளியானது 1977 செப்டம்பர் 15. அப்போது 14 வயசு முடிந்து ஒரு மாசம். படப்பிடிப்பு நடந்தபோது 13. மயில் பள்ளிப்படிப்பை முடித்தவள், டீச்சர் டிரெய்னிங் போக ஆசைப்படுகிறவள். அந்த வேஷத்தைப் போட்ட பெண்ணோ ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போக வாய்ப்பே கிடைக்காதவர். பள்ளி, கல்லூரி வாழ்க்கையை இழந்ததைப் பிற்காலப் பேட்டியில் அவரே சொல்லியிருக்கிறார். புகாராகச் சொல்லவில்லை. குழந்தை நட்சத்திரத்தில் இருந்து நேராகக் கதாநாயகி ஆகிவிட்டேன், யோசிக்கவே நேரமில்லை, அதற்கு நன்றி என்கிற தொனியில்தான் சொன்னார்.

அதே 1977ல் 'காயத்ரி'. சுஜாதாவின் நாவல். என்னை மாதிரி இஞ்சினியரிங் படித்த பலருக்கும் சுஜாதாதான் வாசிப்பின் வாசல், அதனால் இதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. கல்யாணம் செய்துகொண்டு, மனைவியையே ரகசியமாக ஆபாசப் படம் எடுக்கிற கணவன் பற்றிய கதை அது. நாவல் அந்தக் கொடுமையைக் கண்டிக்கத்தான் எழுதப்பட்டது. ஆனால் சினிமாவில் அந்த மனைவியாக நடித்தவருக்கு வயசு 14.

கமலின் ஷீட்

"அந்தக் காலம் அப்படி, எல்லாருக்கும் அப்படித்தான்" என்று ஒரு நண்பர் சொன்னார். சரி, இதையும் சோதித்துப் பார்ப்போம் என்று கமல்ஹாசனுக்கு ஒரு ஷீட் போட்டேன். ஒப்பிட அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவரும் குழந்தை நட்சத்திரம், 'களத்தூர் கண்ணம்மா' (1960) வந்தபோது 5 வயசு. மூன்று முடிச்சு, 16 வயதினிலே, மூன்றாம் பிறை எல்லாவற்றிலும் ஸ்ரீதேவியோடு இருந்தவர்.

அவருடைய பட்டியலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 1963ல் 'ஆனந்த ஜோதி', 'வானம்பாடி'. அப்புறம் 1970ல் 'மாணவன்' படத்தில் ஒரு பாட்டுக்கு ஆடுகிறார். அந்த இடைவெளியில் டி.கே.எஸ். நாடகக் குழு, நடனப் பயிற்சி. பிறகு தங்கப்பன் மாஸ்டரிடம் உதவியாளர், சின்னச் சின்ன வேஷங்கள். கதாநாயகனாக 1974ல் மலையாளக் 'கன்யாகுமாரி'. அப்போது 20ஐ எட்டுகிற வயசு.

ஏன் இந்த வித்தியாசம்? பையனுக்குக் குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது. குழந்தையாகவும் போட முடியாது, நாயகனாகவும் போட முடியாது. சினிமா அவனை "போய் வளர்ந்துட்டு வா"ன்னு அனுப்பிவிடுகிறது. அந்த ஏழெட்டு வருஷம் வேலை இல்லாத கஷ்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் அவன் ஏதாவது கற்றுக்கொள்ளலாம், தப்பு செய்யலாம், வளரலாம். பெண் குழந்தைக்கு அந்தக் காத்திருப்பு தேவைப்படவில்லை. ஒரு புடவை போதும்.

தெலுங்கில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 1972ல் 'படி பந்துலு'. என்.டி.ஆர். வாத்தியார், ஸ்ரீதேவி அவருக்குப் பேத்தி. 1979ல் 'வேட்டகாடு'. அதே என்.டி.ஆருக்கு ஜோடி. ஏழே வருஷத்தில் பேத்தி நாயகி ஆகிவிட்டார். என்.டி.ஆருக்கு 56 வயசு, ஸ்ரீதேவிக்குப் பதினாறு கூட நிரம்பவில்லை. படம் பெரிய வெற்றி. நாயகர்கள் வருஷக்கணக்காக அதே இடத்தில் நிற்பார்கள், நாயகிகள் மட்டும் புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும் என்கிற ஏற்பாடு இது. குழந்தை நட்சத்திரம் என்பது அந்த வரிசையின் வால். வரிசை நகர நகர வாலும் முன்னால் வந்துவிடும்.

'மூன்றாம் பிறை' 1982 பிப்ரவரியில் வந்தது. அப்போதுதான் அவருக்கு 18 வயசு, சட்டப்படி மேஜர். அந்தப் படத்தில் அவர் நடித்தது என்ன? விபத்தில் நினைவு தப்பிக் குழந்தையாகிவிட்ட பெண்ணாக. குழந்தையாக இருந்தபோது பெரியவளாக நடித்தார், பெரியவள் ஆனதும் குழந்தையாக நடித்தார். அதற்குத் தமிழக அரசின் சிறந்த நடிகை விருது கிடைத்தது. அந்த நடிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த ரயில் நிலையக் காட்சியை என்னால் முழுசாகப் பார்க்க முடியாது.

ஒரு தொண்டைக்குள் மூன்று குழந்தைகள்

ஷீட்டை விட்டு வெளியே வந்தபோது கிடைத்த தகவல்தான் என்னை அதிகம் உலுக்கியது.

1983ல் 'ஹிம்மத்வாலா' வெற்றிக்குப் பிறகு ஸ்ரீதேவி ஹிந்தியில் உச்சத்துக்குப் போனார். ஆனால் அவருக்கு ஹிந்தி சரளமாக வராது. ஆரம்ப கால ஹிந்திப் படங்கள் பலவற்றில் அவருக்குக் குரல் கொடுத்தவர் நாஸ். யார் இந்த நாஸ்? ராஜ்கபூர் தயாரித்த 'பூட் பாலிஷ்' (1954) படத்தில் தெருவில் ஷூ துடைக்கும் சிறுமியாக நடித்த அதே பேபி நாஸ். 1955 கான் திரைப்பட விழாவில் சிறப்புக் குறிப்பு பெற்ற குழந்தை. வளர்ந்த பிறகு பெரிய நாயகி ஆகவில்லை. துணை வேஷங்கள், பிறகு டப்பிங். 1995ல் இறந்துபோனார்.

1986ல் 'ஆக்ரி ராஸ்தா' (நம்ம 'ஒரு கைதியின் டைரி'யின் ஹிந்தி, பாக்யராஜ் இயக்கம்). அதில் ஸ்ரீதேவிக்குக் குரல் ரேகா. அந்த ரேகா யார்? ஜெமினி கணேசனின் மகள், தெலுங்கில் 'ரங்குல ராட்னம்' (1966) படத்தில் பேபி பானுரேகா. அவரும் குழந்தையாக வந்தவர்தான்.

ஆக, முகம் ஒரு குழந்தை நட்சத்திரம், குரல் இன்னொரு குழந்தை நட்சத்திரம். ஒருவர் ஜெயித்தார், ஒருவர் ஜெயித்தவரின் பின்னால் மைக் முன் நின்றார். ஸ்ரீதேவி ஹிந்தியில் சொந்தக் குரலில் பேசியது 'சாந்தினி'யில் (1989). தொழிலுக்கு வந்து இருபது வருஷம் கழித்து! 2012ல் பதினைந்து வருஷ இடைவெளிக்குப் பிறகு அவர் திரும்பி வந்த 'இங்கிலிஷ் விங்கிலிஷ்', ஒரு மொழி தெரியாததால் வீட்டிலேயே மட்டம் தட்டப்படும் அம்மாவின் கதை. அந்த வேஷத்தில் அவ்வளவு உண்மை இருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

தீப்பெட்டியும் கேமராவும்

சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது? ஸ்ரீதேவி பிறந்தது சிவகாசிப் பக்கம், மீனம்பட்டி. 1938லேயே வெள்ளைக்காரன் காலத்தில் குழந்தைகளை வேலைக்கு வைப்பது பற்றி ஒரு சட்டம் வந்தது. அதன் பட்டியலில் பீடி, கம்பள நெசவு, தீப்பெட்டி, பட்டாசு எல்லாம் இருந்தன. அதாவது அவர் ஊரிலேயே இருந்து தீப்பெட்டி ஒட்டப் போயிருந்தால், காகிதத்திலாவது அது குற்றம். (நடைமுறையில் சிவகாசியில் என்ன நடந்தது என்பது 1996ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன பெரிய கதை.) சென்னையில் ஆர்க் விளக்குக்கு முன்னால் நின்றால் குற்றமே இல்லை. 1986ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் பட்டியலிலும் சினிமா இல்லை.

2016 திருத்தம்தான் முதல் முறையாகக் குழந்தை நடிகர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 2017 விதிகளின்படி ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. படப்பிடிப்புக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கி வைப்பாகப் போட வேண்டும். அமெரிக்காவில் சார்லி சாப்ளினின் 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன், தன் சம்பாத்தியத்தைக் கரைத்துவிட்டார்கள் என்று பெற்ற தாய் மீதே வழக்குப் போட்டு, அதனால் கலிபோர்னியாவில் சட்டம் வந்தது 1939ல். நமக்கு வர இன்னும் 77 வருஷம் ஆனது.

விதியில் நேரம் இருக்கிறது, பணம் இருக்கிறது. 13 வயசுப் பெண்ணை யாருக்கு மனைவியாக, எந்த மாதிரிக் காட்சியில் நிறுத்தலாம் என்பதற்கு இந்த மணிக்கணக்கில் பதில் இல்லை. அதற்கு எந்த ஷீட்டிலும் பத்தி போட முடியாது. எழுதுகிறவர், எடுக்கிறவர், பார்க்கிற நாம் எல்லாரும்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்று முடிச்சை மோசமான படம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சித்தி வேஷத்தில் அவருடைய நிமிர்வு இன்றைக்கும் அசத்துகிறது. 13 வயசில் அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அதற்கு முன்னால் குறைந்தது ஏழு வருஷ வேலை அனுபவம் இருந்தது என்பதுதான் பதில். அதை நினைத்துப் பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

மகளிடம் சரியான வயசைச் சொன்னேன். "என் வயசா?" என்றாள். கொஞ்ச நேரம் டிவியையே பார்த்தாள். "அப்போ அவங்க ஸ்கூல்?" என்று கேட்டாள். திங்கட்கிழமை அவளுக்குக் கணக்குப் பரீட்சை. டிவியை நிறுத்திவிட்டுப் படிக்க உட்கார்ந்தோம்.