விந்தணுவும் வழித்துணைப் புரதமும்

விந்தகத்தின் பின்புறத்தே சுருண்டு மடங்கிக் கிடக்கும் மெல்லிய குழலொன்று உண்டு. அதனை நீட்டி அளந்தால் ஏறத்தாழ 6 மீட்டர் வரும். எபிடிடைமிஸ் என்னும் இக்குழலை ஆலந்து நாட்டு மருத்துவர் டி கிராஃப் 1668ஆம் ஆண்டிலேயே தம் நூலில் விரித்துரைத்தார். ஆயினும் விந்தணுக்கள் கடந்து செல்லும் வழியென்றும், அவை தங்கியிருக்கும் அறையென்றுமே அது நெடுங்காலம் பெரிதும் கருதப்பட்டு வந்தது.

இதற்கிடையே கருவுறுதல் பற்றிய அறிவு பெருகிற்று. 1677இல் லேவன்ஹூக் நுண்ணோக்கியில் விந்தணுவைக் கண்டார். 1827இல் வான் பேயர் பாலூட்டியின் முட்டையை இனங்காட்டினார். 1876இல் ஹெர்ட்விக் கடல்முள்ளெலியின் முட்டைக்குள் இரு கருக்கள் ஒன்றாவதை விளக்கினார். ஒன்றுகூடும் ஆற்றலை விந்தணு எங்கே பெறுகிறது என்ற வினா மட்டும் எஞ்சி நின்றது. குழலின் தொடக்கத்தில் எடுத்த முயலின் விந்தணு முட்டையைக் கருவுறச் செய்யாது. குழலைக் கடந்து வந்த விந்தணுவோ செய்யும். பெட்ஃபோர்டு, ஒர்ஜெபின்-கிறிஸ்ட் ஆகியோரின் 1967ஆம் ஆண்டு ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின. அங்ஙனமாயின், குழல் தருவது யாது?

விடையின் ஒரு பகுதி அர்ஜென்டினாவிலிருந்து வந்தது. மக்களாட்சி வேண்டும் அறிக்கையில் ஒப்பமிட்டதற்காக, 1943இல் படைத்துறை அரசு பேராசிரியர் ஊசாயைப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கிற்று. அவர் சோர்ந்தாரல்லர். தனியார் கொடையைக் கொண்டு 1944இல் புவெனஸ் அயர்ஸ் நகரில் உயிரியல், செய்முறை மருத்துவ நிலையத்தைத் தோற்றுவித்தார். 1947இல் நோபல் பரிசும் பெற்றார். அரசுகள் அறிஞரை விரட்டுவது எந்நாட்டிற்கும் புதிதன்று. விரட்டப்பட்டவர் நிறுவிய நிலையம் தலைமுறைகள் கடந்தும் பயன் தருவதே அரிது.

கமேயோ, பிளாக்கியர் என்னும் இருவர் 1976இல் எலியின் எபிடிடைமிஸ் குழலில் ஆண்மை இயக்குநீருக்குக் கட்டுப்பட்ட புரதங்களைக் கண்டறிந்தனர். குழலின் உட்சுவர் சுரக்கும் இப்புரதம் விந்தணுவின் மேல் படிகின்றது. பின்னாளில் இது கிரிஸ்ப்1 எனப் பெயர் பெற்றது. 1992இல் குவாஸ்நிகு குழுவினர், வெளியுறை நீக்கிய எலி முட்டைகளை இப்புரதக் கரைசலில் இட்டனர். விந்தணுக்கள் முட்டையின் மேல் ஒட்டின; ஆனால் உள்ளே புகுந்தவை குறைந்தன. புரதம் பொருந்துதற்குரிய இடங்கள் முட்டையின் மேல் உள்ளன என்பதும், அவை முன்னரே நிரம்பிவிட்டால் இணைவு தடைப்படும் என்பதும் இதனால் பெறப்பட்டன.

மனிதரிடத்தும் இவ்வாறுதானா? மனித முட்டையை விரும்பியவாறு ஆய்தல் இயலாது. வெளியுறை நீக்கிய ஹாம்ஸ்டர் முட்டை மனித விந்தணுவை ஏற்கும் என்பதை 1976இல் யானகிமாச்சி குழுவினர் காட்டியிருந்தனர். அம்முறை இங்கே கைகொடுத்தது. 2001இல் வெளிவந்த ஆய்வில், மனிதப் புரதத்திற்கு எதிரான எதிர்ப்பொருளைச் சேர்த்தபோது விந்தணுவின் இயக்கம் குன்றவில்லை. முட்டையில் ஒட்டுவதும் குன்றவில்லை. உட்புகுதல் மட்டுமே குன்றிற்று. புரதம் பொருந்தும் இடங்கள் மனித முட்டையின் மேலும் காணப்பட்டன.

ஆயினும் 2008இல் ஒரு சிக்கல் எழுந்தது. இப்புரதத்திற்கான மரபணு நீக்கப்பட்ட ஆண் சுண்டெலிகள் குட்டிகளை ஈன்ற தந்தையராயின. ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் மட்டுமே அவற்றின் விந்தணுக்கள் தளர்ந்து நின்றன. 2005இல் சப்பானியர் கண்ட இசுமோ புரதமோ அத்தகையதன்று. அஃதின்றேல் ஆண் சுண்டெலி முற்றிலும் மலடாகும். அதனோடு பிணையும் முட்டைப் புரதமாகிய ஜூனோ 2014இல் அறியப்பட்டது. ஆகவே கிரிஸ்ப்1 இணைவின் தனி முதல்வன் அன்று. துணைவன் எனலே பொருந்தும். கிரிஸ்ப்4 என்னும் உறவுப் புரதத்தையும் சேர்த்து நீக்கியபோது சுண்டெலிகளின் ஈனும் திறன் குறைந்தமையை 2018ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. ஒன்றில்லாதபோது மற்றொன்று அதன் பணியை ஓரளவு ஏற்றது போலும்.

தமிழில் மலடி என்னும் சொல் புழங்கிய அளவு மலடன் என்னும் சொல் புழங்கியதில்லை. பிள்ளையில்லாக் குறையைப் பெண்ணின் தலையிலேயே சுமத்திய வழக்கத்தின் தடம் அது. ஆணின் உடலில், அதுவும் விந்தணு பிறந்த பின்னர் அது கடந்து செல்லும் குழலிலேயே, குறை நேரக்கூடும் என்பதை இவ்வாய்வுகள் உணர்த்துகின்றன. எண்ணிக்கையும் ஓட்டமும் செவ்வனே அமைந்த விந்தணுவும் இணைவில் தவறக்கூடும். நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்த அளவில் அக்குறை புலப்படாது.