லூகோ மதில்: ஒரு சுற்று 2,117 மீட்டர்

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில், கலீசியா பகுதியில், லூகோ என்று ஒரு ஊர் இருக்கிறது. மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த ஊர்க்காரர்களில் பலர் காலை நடைக்கும் ஓட்டத்துக்கும் படியேறி மதில்மேல் போகிறார்கள். ரோமானியர் கட்டிய மதில் அது. பழைய ஊரை முழுக்கச் சுற்றிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே நம்மைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஒரு சுற்று 2,117 மீட்டர். நடந்தால் அரை மணி நேரம். மூன்று சுற்று ஓடினால் ஆறு கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். டிக்கெட் கிடையாது, வண்டிகளின் தொந்தரவும் கிடையாது.

அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் காலத்தில், கிறிஸ்து பிறப்பதற்குப் பத்துப் பதினைந்து வருடங்கள் முன்பு, ரோமானியர் உண்டாக்கிய ஊர் இது. அன்றைய பெயர் லூகஸ் அகஸ்டி. ஆனால் மதில் அப்போதே வந்துவிடவில்லை. சுமார் முந்நூறு வருடம் கழித்து, 3-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பேரரசு ஆட்டம் கண்டு எல்லைகளில் பயம் சூழ்ந்த பிறகுதான் கட்டினார்கள். அவசரம் எவ்வளவு என்பது சுவரின் உள்ளே தெரிகிறது. வெளி முகமும் உள் முகமும் சிலேட்டுக் கல்லும் கருங்கல்லும். நடுவில் மண், கூழாங்கல், அதோடு இடித்த பழைய கட்டடங்களின் செதுக்கிய கற்கள். ஊரின் ஒரு பகுதியை வெளியே விட்டுவிட்டுத்தான் கோடு போட்டிருக்கிறார்கள். உள்ளே போனவர்கள் சரி, வெளியே விடப்பட்ட வீட்டுக்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

உயரம் 8 முதல் 12 மீட்டர். அகலம் நாலு மீட்டருக்கு மேல், சில இடங்களில் ஏழு மீட்டர் வரை. நாலு பேர் பேசிக்கொண்டு வந்தாலும் எதிரே ஓடி வருபவர் இடிக்காமல் தாண்டிப் போகலாம். வெளிப்பக்கம் வரிசையாக அரைவட்டக் கொத்தளங்கள். மொத்தம் 85 என்பது கணக்கு. அதில் 46 முழுசாக நிற்கின்றன, மற்றவை சிதைந்தும் குறைந்தும் இருக்கின்றன.

இனிமேல்தான் விஷயம். 19-ஆம் நூற்றாண்டில் பீரங்கிக்கு முன் மதில் செல்லாக்காசாகிவிட்டது. ஐரோப்பாவில் பல நகரங்கள் தங்கள் மதிலை இடித்து அந்த இடத்தில் சாலை போட்டுக்கொண்டன. ஸ்பெயினிலேயே பார்சிலோனா 1854-இல் இடிக்க ஆரம்பித்தது. லூகோவுக்கும் அதே நெருக்கடிதான். ஊர் வெளியே வளர்கிறது, உள்ளே போக வரப் பழைய வாசல்கள் போதவில்லை. அவர்கள் செய்தது வேறு. 1853-இலிருந்து புதுசு புதுசாக வாசல் திறந்தார்கள். 1875-இல் ரயில் வந்ததை ஒட்டி நிலையத்துக்குப் போக ஒரு வாசல். இப்படி ஐந்து பழையதும் ஐந்து புதியதுமாக இன்று பத்து வாசல்கள். ரோமானியர் காலத்துச் சுவரில் ஓட்டை போட்டுவிட்டார்களே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. என் அபிப்பிராயம், அந்த ஓட்டைகள்தான் மதிலைக் காப்பாற்றின. வழியை மறிக்கும் சுவரை எந்த ஊரும் நெடுநாள் பொறுத்துக்கொள்ளாது.

வேறொரு ஆபத்து சத்தமில்லாமல் வந்தது. மதிலையே பின்சுவராக வைத்து வெளிப்பக்கம் வீடுகளும் கடைகளும் ஒட்டிக்கொண்டன. ஒரு சுவர் மிச்சம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? பல இடங்களில் சாலையிலிருந்து பார்த்தால் மதிலே தெரியாது. 1921-இல் தேசிய நினைவுச்சின்னம் என்று அறிவித்த பிறகும் அவை அப்படியே இருந்தன. 1970-களின் தொடக்கத்தில்தான் ‘சுத்தமான மதில்’ என்று பெயரிட்டு அந்தக் கட்டடங்களை வாங்கி இடித்து, மதிலின் வெளிமுகத்தை மீட்டார்கள். குடியிருக்கும் வீட்டை இழப்பது சின்ன விஷயமல்ல. ஆனாலும் ஊருக்கெல்லாம் பொதுவான ஒன்றின் மேல் சிலர் சாய்ந்துகொண்டிருந்ததும் உண்மை. 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. வீடுகள் மறைத்துக்கொண்டே இருந்திருந்தால் அந்த அங்கீகாரம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

வெளிநாட்டுப் பயணத்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஓட்டக் காலணியை எடுத்துப் போகலாம். மேல்தளம் பெரும்பாலும் மண்ணும் பொடிக்கல்லும் கெட்டித்த பாதை. முட்டிக்கு நல்லது, மழைக்குப் பின் கவனம் தேவை. கலீசியாவில் மழைக்குப் பஞ்சமில்லை. பேராலயத்துக்கு எதிரே உள்ள சாண்டியாகோ வாசல் பக்கம் ஏறினால் கோபுரங்கள் கண்ணுக்கு நேரே. கீழே முதுகுப் பையோடு போகிறவர்கள் சாண்டியாகோ தே கொம்போஸ்தேலாவுக்கு நடக்கும் யாத்திரிகர்கள். அவர்களுக்கு இன்னும் நூறு கிலோமீட்டர் பாக்கி. சுற்றிவரும்போது லா மோஸ்கேரா என்ற கொத்தளத்தில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு காலத்தில் கொத்தளங்களின் மேல் ஜன்னல் வைத்த மாடிகள் இருந்தன. அந்த ஜன்னல்களின் மிச்சம் இருப்பது இங்கேதான்.