மருத்துவக் கல்விச் சேர்க்கை: கேரளத் தமிழ் எல்லைப் பகுதிகள்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும் இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் வாழும் தமிழ் மாணவர்கள் எம்.பி.பி.எஸ். படிப்பில் சேர, நாடு முழுவதற்கும் பொதுவான நீட் தேர்வில் தகுதி பெறவேண்டும். சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைவதும், மேல்நிலைக் கல்வியில் ஆங்கிலத்துடன் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களைப் பயின்று, அம்மூன்று அறிவியல் பாடங்களிலும் சேர்த்துப் பொதுப்பிரிவினர் 50 விழுக்காடும் இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 விழுக்காடும் பெறுவதும் அடிப்படைத் தகுதிகளாகும்.

அரசுக் கல்லூரி இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்ல, எஞ்சியவற்றைக் கேரள நுழைவுத் தேர்வு ஆணையர் நீட் மதிப்பெண் அடிப்படையிலான மாநிலத் தரவரிசைப்படி நிரப்புகிறார். இதற்கு ‘கீம்’ எனப்படும் தனி விண்ணப்பமும் பிறப்பிடச் சான்றும் தேவை.

நீட் தேர்வின் தமிழ் வினாத்தாள் கேரள மையங்களில் வழங்கப்படாததால், அங்கு எழுதும் தமிழ்வழி மாணவர் ஆங்கிலம், இந்தி, மலையாளம் முதலிய பிற மொழிகளுள் ஒன்றையே தேர்ந்தாகவேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் வந்த 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடும் கேரளப் பள்ளிகளில் பயில்வோருக்குப் பொருந்தாது.

இவ்விரு மாவட்டங்களிலும் உள்ள அரசுக் கல்லூரிகளுள், பாலக்காடு அரசு மருத்துவக் கல்லூரி 2014-இல் பட்டியல் சாதியினர் மேம்பாட்டுத் துறையின்கீழ்த் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு தொடங்கி இடையில் அங்கீகாரம் இழந்த இடுக்கிக் கல்லூரி, 2022-இல் 100 இடங்களுடன் மீண்டும் சேர்க்கை நடத்தியது.