சங்கிலி ரம்பத்தின் பல்லும் அதைக் கூராக்கும் கலையும்: ஒரு வரலாறு

சங்கிலி ரம்பம் என்பது எஞ்சினாலோ மின்மோட்டாராலோ சுழலும் சங்கிலியைக் கொண்டு மரத்தை அறுக்கும் கருவியாகும். பேச்சு வழக்கில் இது செயின்சா எனப்படும். இதன் வரலாற்றைச் சொல்பவர்கள் எஞ்சின் எப்படிச் சிறிதானது, எடை எப்படிக் குறைந்தது என்பதையே பெரும்பாலும் விளக்குவர். ஆனால் மரத்தை அறுப்பது சங்கிலியில் உள்ள பல். அந்தப் பல் மழுங்கிவிட்டால் எவ்வளவு வலுவான எஞ்சினும் பயன்படாது. எனவே பல்லைக் கூராக்கும் வேலை யாருடைய கையில் இருந்தது, அது எப்படி எளிதானது என்பதும் இக்கருவியின் வரலாற்றில் முதன்மையான பகுதியாகும்.

அரம் பிடிப்பவரின் கொட்டகை

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் ஒரிகன், வாஷிங்டன் மாநிலக் காடுகளில் பெருமரங்கள் நீண்ட கைரம்பங்களால் அறுக்கப்பட்டன. ரம்பத்தின் இரு முனைகளையும் இருவர் பிடித்து மாறி மாறி இழுத்தனர். அந்த ரம்பத்தில் இருவகைப் பற்கள் இருந்தன. ஒருவகைப் பற்கள் மர நாரை இருபுறமும் கீறின. மற்றொரு வகைப் பற்கள் கீறப்பட்ட நாரை வழித்து வெளியே தள்ளின. வழிக்கும் பல், கீறும் பல்லைவிட மிகச் சிறிதளவு குட்டையாக இருக்க வேண்டும். அந்த அளவு தவறினால் ரம்பம் இழுக்க வராது.

இதனால் மரவெட்டு முகாம்களில் ரம்பங்களைக் கூராக்குவதற்கென்றே தனித் தொழிலாளி இருந்தார். அவர் மரம் அறுக்கப் போவதில்லை. நல்ல வெளிச்சம் உள்ள கொட்டகையில் அமர்ந்து ஒவ்வொரு பல்லாக அரத்தால் தேய்ப்பதே அவருடைய வேலை. முகாமின் அன்றாட உழைப்பு அவருடைய கைத்திறனை நம்பியிருந்தது.

இயந்திரம் வந்தது, பல் மாறவில்லை

ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926இல் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி ரம்பத்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டில் எமில் லெர்ப் பெட்ரோலில் இயங்கும் ரம்பத்தைத் தூரிங்கியாப் பகுதியின் டோல்மார் மலையில் இயக்கிக் காட்டினார். 1929இல் ஸ்டீல் வெளியிட்ட பெட்ரோல் ரம்பத்தின் எடை 46 கிலோ, திறன் 6 குதிரைத்திறன். அதைத் தூக்கி இயக்க இருவர் தேவைப்பட்டனர்.

இந்தத் தொடக்ககால ரம்பங்களின் சங்கிலியில் இருந்தவை பழைய கைரம்பத்தின் பற்களைப் போன்றவையே: கீறும் பல், வழிக்கும் பல் என்ற அதே ஏற்பாடு. இயந்திர வேகத்தில் அவை விரைவில் மழுங்கின. வெவ்வேறு வடிவப் பற்களை வெவ்வேறு உயரத்தில் தேய்க்க வேண்டியிருந்ததால் கூராக்கும் வேலை நீண்ட நேரம் பிடித்தது. மரத்தை அறுக்கும் நேரம் குறைந்தது. அரம் பிடிக்கும் வேலை குறையவில்லை.

விறகுக் கட்டையில் கண்ட புழு

இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டவர் ஜோசப் புஃபோர்ட் காக்ஸ். அவர் ஒரிகனில் மரம் வெட்டும் தொழிலில் இருந்தவர். 1946ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் விறகு வெட்டிக்கொண்டிருந்தபோது, ஓர் அடிக்கட்டையில் வண்டின் புழு ஒன்று மரத்தைத் துளைத்துக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார். அது ஏறத்தாழ ஆள்காட்டி விரல் அளவு இருந்தது. மரநாரின் போக்கிலும் அதற்குக் குறுக்கிலும் அது தடையின்றி முன்னேறியது. அதன் வளைந்த இரு தாடைகள் ஒருமுறை இடமும் ஒருமுறை வலமுமாக மரத்தைச் செதுக்கின.

அந்தத் தாடையின் வடிவத்தை காக்ஸ் உருக்கில் செய்து பார்த்தார். போர்ட்லாந்து நகரில் தம் வீட்டின் அடித்தள அறையில் 1947இல் புதிய சங்கிலிகளைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். அச்சிறு தொழிலே பின்னர் ‘ஒரிகன்’ என்ற பெயரில் உலகெங்கும் சங்கிலி விற்கும் நிறுவனமாக வளர்ந்தது.

புதிய பல் கொக்கிபோல் வளைந்தது. பற்கள் ஒன்று இடப்புறமும் அடுத்தது வலப்புறமுமாகத் திரும்பி நின்றன. பல்லின் பக்க விளிம்பு நாரை வெட்டியது. மேல் விளிம்பு தச்சரின் இழைப்புளியைப் போல மரத்தைச் சீவி எடுத்தது. ஒவ்வொரு பல்லின் முன்னாலும் உள்ள சிறு மேடு, பல் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தியது.

பல் வளைவாக இருந்ததால் ஒரு வட்ட அரத்தை அதனுள் வைத்துத் தள்ளினால் மேல் விளிம்பும் பக்க விளிம்பும் ஒருசேரக் கூராகும். கொட்டகையில் இருந்த நிபுணரின் வேலை, ரம்பம் பிடிப்பவரின் கைக்கே வந்துவிட்டது. 1949இல் மெக்கல்லக் நிறுவனம் ஒருவரே தூக்கி இயக்கக்கூடிய, 25 பவுண்டு (சுமார் 11 கிலோ) எடையுள்ள ரம்பத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை குறைந்த எஞ்சினும் எளிதில் கூராக்கக்கூடிய சங்கிலியும் சேர்ந்தபோது, வீட்டுக்கு விறகு அறுக்கும் விவசாயியும் இக்கருவியைப் பயன்படுத்த முடிந்தது.

பல் மழுங்குவது ஏன்?

தூய்மையான மரம் பல்லை மெதுவாகவே தேய்க்கும். மண்தான் பல்லுக்குப் பெரும்பகை. மணலில் உள்ள குவார்ட்சு, பல்லின் உருக்கைவிடக் கடினமானது. சங்கிலி விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடுவதால், தரையை ஒரு கணம் தொட்டாலே எல்லாப் பற்களும் மழுங்கிவிடும். விறகு அறுக்கும்போது இது அடிக்கடி நேர்கிறது. கட்டைகள் தரையில் இழுத்து வரப்பட்டு மண் ஒட்டியிருக்கும். தரையில் கிடக்கும் கட்டையை அறுத்து முடிக்கும் தறுவாயில் சங்கிலி மண்ணில் இறங்கும். மரத்தில் புதைந்த ஆணியும் கம்பியும் இதே கேட்டைச் செய்யும்.

கூரான சங்கிலி தானே மரத்துள் இறங்கிச் சில்லுகளை உதிர்க்கும். மழுங்கியது மாவு போன்ற தூளை உதிர்க்கும். எண்ணெய் இருந்தும் புகை வரும், அழுத்தினால்தான் அறுக்கும். ஒருபுறப் பற்கள் மட்டும் மழுங்கினால் வெட்டு ஒருபக்கமாக வளைந்து போகும்.

கூராக்கும் முறை

சங்கிலியின் அளவுக்கேற்ப 4.0, 4.8, 5.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்ட அரங்கள் பயன்படுகின்றன. பெரும்பாலான சங்கிலிகளில் மேல் விளிம்பின் கோணம் 25 முதல் 35 பாகை வரை இருக்கும். அரத்தைப் பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி மட்டுமே தள்ள வேண்டும். ஒருபுறப் பற்கள் அனைத்தையும் முடித்த பிறகே மறுபுறம் செல்வது வழக்கம். எல்லாப் பற்களும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும்.

பல் தேயத் தேய அதன் உயரமும் குறையும். ஆகவே முன்னுள்ள மேட்டையும் அவ்வப்போது அளந்து, தட்டை அரத்தால் தாழ்த்த வேண்டும். பல சங்கிலிகளில் பல்லுக்கும் மேட்டுக்கும் இடையிலான உயர வேறுபாடு சுமார் 0.65 மில்லிமீட்டர். வேகமாக அறுக்கும் ஆசையில் மேட்டை அளவுக்கு மேல் தேய்த்தால் பல் மரத்தை வெடுக்கெனக் கவ்வும். ரம்பம் துள்ளும் ஆபத்து கூடும்.

சங்கிலி ஓடும் தகட்டு நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டால், ரம்பம் இயக்குபவரை நோக்கி எகிறுவதுண்டு. மழுங்கிய சங்கிலியை அழுத்தி அறுப்பவர் விரைவில் களைத்துப்போவதால், அந்த நேரத்தில் ரம்பத்தைக் கட்டுப்படுத்துவது இன்னும் கடினமாகிறது. இத்தகைய விபத்துகளைக் குறைக்க 1970களில் சங்கிலியை உடனே நிறுத்தும் தடுப்பு அமைப்புகள் ரம்பங்களில் பரவலாயின. அவை எகிறும் சங்கிலியை நிறுத்துமே தவிர, மழுங்கிய பல்லுக்கு மாற்றாகா.

இன்றைய நிலை

காக்ஸின் பல்லிலிருந்து பல வடிவங்கள் கிளைத்தன. கூர்முனை மூலை கொண்ட பற்கள் விரைந்து அறுக்கும். ஆனால் மண் பட்டால் எளிதில் கெடும். மூலை சற்று மழுக்கப்பட்ட பற்கள் மெதுவாக அறுத்தாலும் கூர் நீடிக்கும். எனவே அழுக்கான விறகுக்கு இவ்வகையே ஏற்றது. தீயணைப்பு, மீட்புப் பணிகளுக்கு டங்ஸ்டன் கார்பைடு பதித்த சங்கிலிகள் உள்ளன; அவற்றைச் சாதாரண அரத்தால் தேய்க்க முடியாது, வைரத்தூள் பதித்த சாணைக்கல் வேண்டும். சாதாரணச் சங்கிலிகளை இயந்திரச் சாணையில் கூராக்குவோரும் உண்டு. ஆனால் அதிகம் சூடேறினால் பல்லின் உருக்கு தன் தன்மையை இழக்கும். இதனால் காட்டு வேலைக்குச் செல்பவர்களின் கருவிப் பையில் வட்ட அரம் இன்றும் இடம்பெறுகிறது.