நூலின் எண்ணும் சப்பாத்தின் எண்ணும்

கல்முனைக்கு வடக்கே கடலோரமாக அமைந்துள்ள மருதமுனை, கிழக்கிலங்கைக் கைத்தறித் தொழிலின் பெயர்பெற்ற நிலையங்களுள் ஒன்றாகும். அங்கு சாரமும் சேலையும் நெய்வோர் நூலை இனங்காண்பது அதற்குரிய எண்ணைக் கொண்டேயாம். நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர், எண்பதாம் நம்பர் என வழங்கும் அவ்வெண்கள் நூலின் நுண்மையைக் குறிப்பன. எண் கூடக்கூட நூல் மெலியும். இதே போன்று, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உறைபனி மூடிய மலைகளில் ஏறிச் சறுக்கி இறங்குவோர் அணியும் சப்பாத்துகளுக்கும் எண்கள் உள. 90, 100, 110, 120, 130 என வழங்கும் அவை சப்பாத்தின் விறைப்பைக் குறிப்பனவாகக் கூறப்படுகின்றன. நோக்குமிடத்து இரண்டும் ஒரே இனத்தன போலத் தோன்றும். எனினும், முன்னையது அளவை. பின்னையது பெயரளவில் மட்டும் அளவை. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது, அதனால் நேர்வது யாது என்பன தொழில்நுட்ப வரலாற்றில் ஆராயத்தக்க வினாக்களாகும்.

முதலில் நூலின் எண்ணை நோக்குவோம். 840 யார் நீளமுள்ள நூல் ஒரு கழி எனப்படும். ஓர் இறாத்தல் எடையில் எத்தனை கழிகள் அடங்குகின்றனவோ, அதுவே பருத்தி நூலின் எண். எனவே, நாற்பதாம் நம்பர் நூலில் ஓர் இறாத்தலுக்கு 33,600 யாரும், எண்பதாம் நம்பர் நூலில் 67,200 யாரும் இருத்தல் வேண்டும். இவ்வரைவிலக்கணத்தின் சிறப்பு அதன் எளிமையிலேயே தங்கியுள்ளது. எண்பதாம் நம்பர் எனக் கூறி விற்கப்பட்ட நூலில் ஒரு கழியை அளந்தெடுத்துத் தராசிலிட்டால் அது ஏறத்தாழ ஐந்தே முக்காற் கிராம் நிற்றல் வேண்டும். ஏழரைக் கிராம் நிற்குமாயின் அது அறுபதாம் நம்பர் நூலாகும். விற்பவரின் சொல்லை ஏற்கவோ மறுக்கவோ வாங்குபவருக்கு வேண்டியன ஓர் அளவுகோலும் ஒரு சிறு தராசுமே.

இந்நிலை இயல்பாகவே வந்தமைந்த ஒன்றன்று. இங்கிலாந்திலேயே பருத்திக்கு 840 யார்க் கழியும், சீவிய கம்பளி நூலுக்கு 560 யார்க் கழியும், சணல்நார் நூலுக்கு 300 யார்க் கழியும் வழங்கின. ஐரோப்பிய நாடுகளில் வேறு முறைகள் நிலவின. ஒரே எண் ஒவ்வோர் இழையிலும் ஒவ்வொரு பொருள் தந்தது. இக்குழப்பத்தைத் தீர்க்கும் பொருட்டு 1873இல் வியன்னாவில் நூலெண் பற்றிய சர்வதேச மாநாடு ஒன்று கூடியது. ஆயிரம் மீற்றர் நூலின் கிராம் எடையைக் கொண்டு எவ்விழையையும் ஒரே அளவையில் உரைக்கும் ‘டெக்ஸ்’ முறை இருபதாம் நூற்றாண்டிலேயே ஏற்பட்டது. முறைகள் பலவாயினும், அவை ஒவ்வொன்றும் நீளம், எடை என்னும் இரண்டையே அடிப்படையாகக் கொண்டன. ஆதலின் ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் கணித்தல் என்றும் கைகூடுவதாயிற்று.

அளவையைப் பொதுமையாக்கும் முயற்சி தமிழர் வரலாற்றுக்குப் புதியதன்று. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகள் நெல்லளந்த மரக்காலை வாளா மரக்கால் எனக் கூறாது, ‘ஆடவல்லான்’ என்னும் பெயருடைய மரக்கால் எனக் குறிக்கின்றன. ஊருக்கூர் மரக்கால் வேறுபட்ட காலத்தில், எம்மரக்காலால் அளப்பது என்பதைக் கல்லிற் பொறித்தாலன்றிக் கொடையும் வரியும் நிலைபெறா என்பதை அக்காலத்து நிருவாகம் உணர்ந்திருந்தது. கல்முனைப் பகுதி முஸ்லிம் மக்களின் சமய மரபிலும் இவ்வுணர்வு ஆழமானது. திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் அளவையில் மோசம் செய்வோரைக் கண்டித்துத் தொடங்குகின்றது. அதன் பெயரே அவர்களைச் சுட்டுவது. அளவை என்பது வெறும் வணிக வசதியன்று, நீதியின்பாற்பட்டது என்னும் கருத்தை இவ்விரு மரபுகளும் உணர்த்துகின்றன.

இனி, மலைச் சப்பாத்தின் எண் எவ்வாறு தோன்றியது என்பதைக் காண்போம். அதற்கு அச்சப்பாத்தின் தொழிலை அறிதல் இன்றியமையாதது. இழுவை வடங்களின் துணையோடு மேலேறிச் சறுக்கி இறங்குபவருக்கு இறக்கம் ஒன்றே வேலை. மலைப்பயணச் சறுக்கலில் ஈடுபடுபவரோ தம் காலாலேயே பல மணிநேரம் ஏறி, பின்னர் அதே சப்பாத்தோடு இறங்க வேண்டியவர். ஏறும்போது கணுக்கால் தடையின்றி மடிய வேண்டும். இறங்கும்போது கீழ்க்காலின் சாய்வு உடனுக்குடன் சறுக்குப் பலகைக்குச் செல்ல வேண்டும். அதற்குச் சப்பாத்து விறைப்பாக இருத்தல் வேண்டும். ஒன்றையொன்று மறுக்கும் இவ்விரு தேவைகளையும் ஒரே சப்பாத்தில் இணைக்க முயன்றதே அதன் வரலாறாகும்.

தொடக்கத்தில் இச்சிக்கல் பெரிதாகத் தோன்றவில்லை. வில்லெல்ம் பௌல்க்கே என்னும் ஜெர்மானியர் 1897இல் தோழர்களோடு சுவிற்சர்லாந்தின் பேர்ண் மலைத்தொடரைச் சறுக்குப் பலகையிற் கடந்தபோது அணியப்பட்டவை நடைக்குரிய தோற் சப்பாத்துகளே. குதி மேலெழவும் அடித்தோல் வளையவும் அவை இடமளித்தன. 1930ஆம் ஆண்டையொட்டி சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த கைடோ ரூஜ் குதியைச் சுற்றி இழுத்துக் கட்டும் கம்பிவடப் பிணைப்பியை அமைத்தார். அது ‘காந்தகார்’ எனப் பெயர்பெற்றது. 1880இல் ஆப்கானிஸ்தானின் காந்தகாரில் வென்ற ஆங்கிலத் தளபதி றொபேட்ஸ் பிரபுவின் பெயரால் 1911இல் தொடங்கிய பனிச்சறுக்குப் பந்தயமே இப்பெயர் அத்துறையில் வழங்குவதற்கு மூலமாகும். இப்பிணைப்பியால் இறக்கத்தின்போது குதியைப் பலகையோடு இறுக்கிவைக்க இயன்றது. குதி இறுகியதும் தோலின் மென்மை குறையாகத் தெரியலாயிற்று. தோலைத் தடிப்பாக்கியும் இரட்டைப் பின்னலால் இறுக்கியும் செய்த சப்பாத்துகள் புதிதில் விறைப்பாக இருந்தன; ஈரமும் பழக்கமும் அவற்றை விரைவில் தளர்த்தின.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த பொப் லாங்கே 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய முயற்சிகள் இந்நிலையை மாற்றின. 1960களின் நடுப்பகுதியில் விற்பனைக்கு வந்த அவருடைய பிளாஸ்திக்குச் சப்பாத்து, பக்கவாட்டில் அசையாத கூடாகவும் முன்புறம் ஓரளவே வளையும் கழுத்துடையதாகவும் அமைந்தது. சில ஆண்டுகளுள் பந்தயக் களங்களிலிருந்து தோல் மறைந்தது. ஆயினும், அக்கூட்டை அணிந்து நடத்தல் பெரும்பாடாயிற்று. மலைப்பயணிகள் தோற் சப்பாத்தை மேலும் பல ஆண்டுகள் விடாதிருந்தமைக்கு இதுவே காரணம்.

ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உரிய தீர்வு இரு வழிகளில் வந்தது. முதலாவது, சப்பாத்தின் கழுத்தைக் கணுக்காலருகே சுழலும் வண்ணம் அமைத்து, பின்புறத்துப் பூட்டொன்றால் வேண்டும்போது நிறுத்தும் முறையாகும். இரண்டாவது, ஒஸ்திரியரான பிரிற்ஸ் பார்தெல் 1984இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பிணைப்பியாகும். சப்பாத்தின் முனையிலுள்ள இரு குழிகளில் இரண்டு முளைகள் பொருந்த, குதி மேலெழுந்து அசைவதற்கு அது வழிசெய்தது. சுழற்சி முனையில் நிகழ்வதால் அடிப்பகுதி வளைய வேண்டியதில்லை. அதுமட்டுமன்று, முனைக்கும் குதிக்கும் இடையே தாங்குபலகை எதுவும் இல்லாமையால் சப்பாத்தே பிணைப்பியின் நடுப்பகுதியாயிற்று. இதனால் அடியின் விறைப்பு கட்டாயத் தேவையாகியது. இன்றைய மலைப்பயணச் சப்பாத்து இவ்விரு கண்டுபிடிப்புகளின் வழிவந்ததே.

சப்பாத்துகள் பெருகியபோது அவற்றை ஒப்பிடும் தேவையும் எழுந்தது. விறைப்பு எண் இச்சூழலில் வழக்குக்கு வந்தது. இலகுவாக வளைவதற்குச் சிறிய எண்ணும், கடினமாக வளைவதற்குப் பெரிய எண்ணும் கொடுக்கப்பட்டன. ஆனால் இவ்வெண்ணுக்கு அலகு இல்லை. எவ்விடத்தில் எவ்வளவு விசை கொடுத்தால் எத்தனை பாகை சாய்வது 120 எனப்படும் என்பதற்குப் பொதுவான வரைவிலக்கணம் எதுவும் ஏற்படவில்லை. ஒரு நிறுவனத்தின் 120 அதே நிறுவனத்தின் 100ஐவிட விறைப்பானது என்பது மட்டுமே அதன் பொருள். வேறொரு நிறுவனத்தின் 110 அதனைவிட விறைப்பாக இருத்தல் கூடும். ஆகவே, இரு நிறுவனங்களின் சப்பாத்துகளை எண்ணைக் கொண்டு ஒப்பிடுதல், இரண்டு ஊர் மரக்கால்களால் அளந்த நெல்லைக் கொள்ளளவு பாராது ஒப்பிடுதலை ஒக்கும்.

அதே சப்பாத்தோடு தொடர்புடைய ஏனைய எண்கள் இவ்வாறு அமையவில்லை என்பது நோக்கத்தக்கது. 26.5 எனப் பொறிக்கப்பட்ட அளவு அதனை அணிதற்குரிய பாதத்தின் நீளத்தைச் சென்ரிமீற்றரிற் கூறுவது. சப்பாத்தின் அடி பிணைப்பியோடு பொருந்தும் பகுதிகளின் வடிவளவுகளை ஐ.எஸ்.ஓ. 5355, 9523 ஆகிய சர்வதேச நியமங்கள் வரையறுக்கின்றன. விழும்போது காலெலும்பு முறியாதவாறு பிணைப்பி விடுபட வேண்டிய திருப்பத்துக்கும் நியமம் உண்டு. பொருந்தாத அடி கழன்றுவிடும், விடுபடாத பிணைப்பி காலை முறித்துவிடும் என்பதால் இவை நியமத்துக்குள் வந்தன. விறைப்பின் தீமை உடனடியாகப் புலப்படாதமையால் அது வெளியே நின்றுவிட்டது.

விறைப்பு இயல்பாகவே அளத்தற்கரியது என ஒரு வாதம் கூறப்படலாம். இவ்வாதத்தில் உண்மையின் கூறு உண்டு. பொலியூரதேன் குளிரில் கணிசமாக விறைக்கும். மலைப்பயணச் சப்பாத்துகளிற் பயன்படும் பொலியமைட்டு வகைகள் அத்துணை மாறுவதில்லை. இளஞ்சூடான கடையில் ஒன்றுபோல வளைந்த இரு சப்பாத்துகள் பனியில் வேறுபட்டு நிற்கும். கால் நீண்டவர் கொடுக்கும் நெம்பு வேறு, குறுகியவர் கொடுப்பது வேறு. சில சப்பாத்துகள் தொடக்கத்தில் இளகி இறுதியில் இறுகும். சில தொடக்கம் முதலே இறுகி நிற்கும். இவையனைத்தையும் ஒரே எண்ணில் அடக்குதல் எளிதன்று.

எனினும், இத்தகைய இடர்களை நெசவுத்தொழில் முன்னரே சந்தித்துத் தீர்த்துள்ளது. பஞ்சும் பட்டும் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவன; ஆதலால் அவற்றின் எடை நாளுக்கு நாள் மாறும். இதனைக் காரணங்காட்டி எவரும் எடையைக் கைவிடவில்லை. பிரான்சின் லியோன் நகரில் 1805இல் பட்டின் ஈரத்தைச் சோதித்து வணிக எடையை உறுதிசெய்யும் நிலையம் நிறுவப்பட்டது. பருத்திக்கு உலர்ந்த எடையில் 8.5 வீதம் ஈரம் என ஒரு நியம அளவு வழக்குக்கு வந்தது. மாறும் காரணியை நிலையாக்கி அளப்பதே தீர்வாயிற்று. சப்பாத்தின் வெப்பநிலையையும் அவ்வாறே நிலையாக்கி, கழுத்தின் குறிப்பிட்ட உயரத்தில் விசை கொடுத்து, ஒரு பாகைச் சாய்வுக்கு எத்தனை நியூற்றன் மீற்றர் எனக் கூறுதல் இயலாத செயலன்று. ஓர் எண் போதாதெனின் இரண்டு எண்கள் தரலாம்.

துணியின் விறைப்பே இதற்குச் சான்றாகும். கைக்கு எப்படி இருக்கின்றது என்று மட்டுமே நெடுங்காலம் பேசப்பட்ட அக்குணத்தை, மான்செஸ்டரைச் சார்ந்த பருத்தி ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த எவ். ரி. பியர்ஸ் 1930இல் அளவைக்குள் கொணர்ந்தார். துணிக்கீற்றை மேடையின் விளிம்பிலிருந்து மெல்ல வெளியே தள்ளினால் அது தன் எடையால் தொங்கும். 41.5 பாகைச் சாய்வைத் தொடும்போது வெளியே நிற்கும் நீளத்தின் பாதி அதன் ‘வளைவு நீளம்’ எனப்படும். விறைப்பான துணி நெடுந்தூரம் நீண்டு நிற்கும். இளகிய துணி விரைவிற் கவிழும். மேடையும் அளவுகோலும் கொண்டு செய்யத்தக்க இச்சோதனை உலகின் எப்பகுதியிலும் ஒரே விடையைத் தரும்.

விறைப்பு வாங்குபவரை ஏமாற்றவல்லது என்பதையும் நெசவூர்கள் நன்கறியும். கஞ்சி ஏற்றிய சாரம் கடையில் மொடமொடப்பாக நிற்கும். தரமான நெசவெனக் கண்ணுக்குத் தோன்றும். முதற் சலவையில் கஞ்சி நீங்க, இழையின் உண்மை வெளிப்படும். மலைச் சப்பாத்தில் இது தலைகீழாக நிகழ்கின்றது. கடையில் இளகியது மலையில் இறுகுகின்றது. இரண்டிலும் பொதுவானது ஒன்றே: வாங்கும் இடத்தில் தெரியும் விறைப்பு பயன்படும் இடத்து விறைப்பன்று. அளவை இல்லாதவிடத்து இவ்வேறுபாட்டின் நட்டம் முழுவதும் வாங்குபவரையே சேரும். தம் எடைக்கும் வலுவுக்கும் மிஞ்சிய விறைப்பை வாங்கியவர் காலின் முன்னெலும்பு நோவ நடப்பார். வேண்டியதிலும் குறைந்த விறைப்பை வாங்கியவர் உறைந்த செங்குத்துச் சரிவில் பலகையின் கட்டுப்பாட்டை இழக்கலாம். அங்கு ஒரு சறுக்கல் உயிருக்கே கேடாதலும் கூடும்.

மருதமுனை நெசவாளரின் நிலை இதனினும் வேறு வகையிற் கடுமையானது. 1977இன் பின் தாராளமாக இறக்குமதியான துணிகளோடு போட்டியிட நேர்ந்ததும், 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் தறிகளையும் வீடுகளையும் இழந்ததும் அத்தொழிலின் அண்மைக்கால வரலாறு. அத்துணை இடர்களுக்கு நடுவிலும், வாங்கும் நூல் எத்தகையது என்பதைத் தாமே சோதித்தறியும் உரிமை அவர்களிடமிருந்து நீங்கவில்லை. 840 யார் என்றும் ஓர் இறாத்தல் என்றும் முன்பொருகால் செய்யப்பட்ட வரையறையே அவ்வுரிமையை அளித்தது. விலையுயர்ந்த மலைச் சப்பாத்தை வாங்கும் செல்வருக்கு, எளிய தறிகாரர் பெற்றுள்ள இவ்வுரிமை கிட்டவில்லை என்பது சிந்திக்கத்தக்க முரண்பாடாகும்.

ஆகவே, எண் பொறிக்கப்பட்டிருப்பதால் மட்டும் ஒரு பொருள் அளக்கப்பட்டதாகிவிடாது. அவ்வெண் எதனை எதனால் வகுத்துப் பெறப்பட்டது, வாங்குபவர் அதனைத் தம் கையாற் சோதிக்க இயலுமா என்னும் இரு வினாக்களுக்கும் விடை கிடைக்குமிடத்தே அது அளவையாகின்றது. அவ்விடை இல்லாதவரை, எத்துணை நுட்பமான சப்பாத்தாயினும் அதன் எண் விற்பவரின் சொல்லாகவே நின்றுவிடும்.